பச்சைப் புள்ளி இருந்தா போதுமா?

மன்னார்குடியிலேர்ந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. பையன் அமெரிக்காவுல இருக்கார். அங்க உண்ணி கடிச்சு, ஆல்ஃபா-கேல் அலர்ஜி வந்துடுச்சு. ஆடு, மாடு, பன்னிக்கறி எதுவும் ஆகாது. தீபாவளிக்கு ஊருக்கு வர்றார். "கடையில ஐஸ்கிரீம், ஜெல்லி வாங்கினா பச்சைப் புள்ளி பாத்து வாங்கிட்டா போதும்தானே?"ங்கறாங்க.

போதாதும்மா. பச்சைப் புள்ளி சைவம்னு மட்டும்தான் சொல்லும். நம்ம ஊர்ல பாலும் நெய்யும் சைவம். உங்க பையனுக்குப் பாலூட்டி மிருகத்துலேர்ந்து வந்ததாங்கறதுதான் கணக்கு. முட்டை சேர்த்தாலே அசைவம்னு பழுப்பு முக்கோணம் போடுவாங்க, ஆனா முட்டை அவருக்கு ஆகும். பச்சைப் புள்ளி போட்ட பால்கோவா ஆகாமப் போகலாம்.

"போகலாம்"னு ஏன் சொல்றேன்னா, இந்த அலர்ஜி உள்ள பல பேருக்குப் பால் ஒத்துக்கும், சில பேருக்குத்தான் ஒத்துக்காது. அதனால மொதல்ல பையன்கிட்ட, "தம்பி, டாக்டர் பாலையும் நிறுத்தச் சொன்னாரா?"ன்னு கேட்டுக்கோங்க. சொல்லியிருந்தா நெய் ஊத்தின அசோகாவும் வேண்டாம்.

இதோ, வெளிநாட்டு மார்ஷ்மெல்லோ பாக்கெட். பின்னாடி பாருங்க, சர்க்கரை, குளுக்கோஸ் சிரப், அடுத்து ஜெலாட்டின். பெரும்பாலும் பன்னி, மாட்டுத் தோல், எலும்புலேர்ந்து எடுக்கறது. எழுத்து எறும்பு மாதிரி இருக்கு, போன்ல பெருசாக்கித்தான் படிச்சேன். கீழ தனியா "பால் உள்ளது"ன்னு எச்சரிக்கை வரி வரும் பாருங்க, நம்ம நாட்டு விதிப்படி அந்தப் பட்டியல்ல ஜெலாட்டின் கிடையாது. அந்த ஒரு வரிய மட்டும் பாத்துட்டு வாங்கிடாதீங்க, சேர்மானம் முழுக்கப் படிக்கணும்.

பால் ஆகாதவரா இருந்தா இன்னொரு இடத்துல ஏமாறுவோம். ஐஸ்கிரீம் மாதிரியே இருக்கும், ஆனா "ஃப்ரோசன் டெசர்ட்"னு போட்டிருக்கும். பால் கொழுப்புக்குப் பதிலா தாவர எண்ணெய், அவ்வளவுதான். பால் பவுடர் உள்ள இருக்கும். வே (whey), கேசினேட் (caseinate)னு எழுதியிருந்தாலும் அது பால்தான். 'வி' எழுத்தும் இலையும் போட்ட பச்சை வீகன் முத்திரை இருந்தா நம்பிக்கையா எடுக்கலாம். அதுலயும் காராஜீனன் (carrageenan), 407னு இருந்தா வாங்காம திரும்ப வெச்சிடுங்க. கடல்பாசியிலேர்ந்து எடுக்கறதுதான், ஆனாலும் சில பேருக்கு அதுவே ஒத்துக்கறதில்ல.

இது ரொம்ப முக்கியம்மா. இந்த அலர்ஜி சாப்பிட்ட உடனே காட்டாது, ரெண்டுலேர்ந்து ஆறு மணி நேரம் கழிச்சுத்தான் வரும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டது ஒரு மணிக்கு எழுப்பிவிடும். உடம்பெல்லாம் தடிப்பு, வயித்துவலி. கொசுக்கடி, சூடுன்னு விட்டுடாதீங்க. மூச்சு முட்டினாலோ தலை சுத்தினாலோ உடனே 108. அவசரத்துக்குப் போட்டுக்கன்னு டாக்டர் ஊசி குடுத்திருந்தா அத மொதல்ல போட்டுடணும்.

இனிப்பு இல்லாம அனுப்பணுமான்னு கவலைப்படாதீங்க. மளிகைக்கடையில அகர் அகர், அதான் கடல்பாசி, இழையா கிடைக்கும். மேல சொன்ன காராஜீனன் வேற, இது வேற. பாலுக்குப் பதிலா இளநீர்லயே காய்ச்சி, வழுக்கையை நறுக்கிப் போட்டு தட்டுல ஊத்தி ஆறவிடுங்க. அரை மணி நேரத்துல வில்லை போட்டுடலாம்.