உயரத்தை விட்டுவிட்டுத் தர்ஜினியைப் பார்ப்போம்

(பாடசாலை வலைப்பந்தாட்டப் போட்டியொன்றின் தொடக்கத்தில் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

அதிபர் அவர்களே, ஆசிரியர்களே, பெற்றோரே, விளையாட்டு உடுப்போடு முன்வரிசையில் பொறுமையிழந்து இருக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இலங்கை வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் புன்னாலைக்கட்டுவன், ஈவினைப் பக்கத்தில் பிறந்தவர். இங்கிருந்து பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பி வரக்கூடிய ஊர்தான். அவருடைய பெயரைச் சொன்னதும் நம்முடைய ஆட்களின் வாயில் வருகிற முதல் சொல் என்ன? "ஆறடி பத்தங்குலம்!" சரி. உலகத்திலேயே மிக உயரமான வலைப்பந்தாட்ட வீராங்கனை என்று வெளிநாட்டுப் பத்திரிகைகளும் எழுதின. 208 சென்ரிமீற்றர். ஆனால் அதோடு நம்முடைய பேச்சு முடிந்துவிடுகிறது. "அவ்வளவு உயரமென்றால் யார்தான் கோல் போடமாட்டார்கள்?" என்று கேட்டுவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கப் போய்விடுகிறோம்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இன்றைக்கு வந்தேன். இங்கே இருக்கிற அப்பாமார் பலருக்கு இந்த விளையாட்டின் விதிகள் தெரியாது. பிள்ளைகள் சிரிக்கக் கூடாது, கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

வளையம் தரையிலிருந்து 3.05 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கூடைப்பந்தாட்டத்திலும் அதே உயரம்தான். ஆனால் அங்கே வளையத்துக்குப் பின்னால் ஒரு பலகை இருக்கும், பந்து அதில் பட்டுத் தெறித்து உள்ளே விழலாம். இங்கே பலகை கிடையாது. கம்பத்தில் ஒரு வெறும் வளையம். ஏழு பேர் ஆடினாலும் கோல் போடுகிற உரிமை இரண்டு பேருக்குத்தான், கோல் சூட்டர், கோல் அட்டாக். அவர்களும் வளையத்தைச் சுற்றியுள்ள அரைவட்டத்துக்குள் நின்றுதான் எறியலாம். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓட முடியாது, மூன்று வினாடிக்குள் கையை விட்டுப் போக வேண்டும். எதிரணிப் பிள்ளை மூன்றடி தள்ளி நின்று இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முகத்தை மறைப்பாள்.

இப்போது தர்ஜினியை அந்த அரைவட்டத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். அவருடைய உச்சந்தலைக்கும் வளையத்துக்கும் இடையில் ஒரு மீற்றர்கூட இல்லை, 97 சென்ரிமீற்றர். கையைத் தூக்கினால் பந்து வளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அது பெரிய வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் பந்து அவர் கைக்கு வந்தால்தானே?

அது வருகிற விதத்தைக் கவனியுங்கள். சூட்டருக்குப் பந்து கொடுக்கிற விங் அட்டாக் பிள்ளை அரைவட்டத்தின் விளிம்பில் நிற்கிறாள், அவளை ஒருத்தி மறிக்கிறாள். தர்ஜினிக்குப் பின்னாலும் முன்னாலும் இரண்டு தடுப்பாளர்கள். அவர் முதுகாலும் தோளாலும் இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும், ஆனால் ஆளைத் தள்ளக் கூடாது, தள்ளினால் விசில். ஒரு கையை மட்டும் உயரத் தூக்கிக் காட்டுகிறார். பந்து அந்தக் கைக்கு மேலே, எதிரணியின் விரல் எட்டாத உயரத்தில், கோட்டுக்கு வெளியே போகாத தூரத்தில் வந்து விழ வேண்டும். ஒரு சாண் குறைந்தால் பறிபோகும். அதை எட்டிப் பிடித்து, தரையில் நிதானமாகக் காலூன்றி, நிமிர்ந்து, மூன்று வினாடிக்குள் எறிய வேண்டும். அவ்வளவு உயரமான உடம்பு ஒவ்வொரு முறையும் பக்கத்தில் நிற்பவர்கள் மேல் சாயாமல் இறங்குவதற்கே தனிப் பயிற்சி வேண்டும். முழங்கால் படுகிற பாட்டை எங்களைப் போன்ற பழைய உடற்கல்வி வாத்திமாரிடம் கேளுங்கள், சொல்வோம்.

ஜமைக்காவில் ஜனீல் பவுலர் என்று ஒருவர் இருக்கிறார். தர்ஜினியைவிடப் பத்து சென்ரிமீற்றர் குறைவு, 198. அவருடைய அணி 2023 உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம் பிடித்தது. உயரம்தான் எல்லாமென்றால் நாங்கள் அல்லவா மேலே இருந்திருக்க வேண்டும்? ஜமைக்கா அணியில் மைதானத்தின் நடுவில் ஆடுகிற பிள்ளைகள் அப்படிக் கெட்டிக்காரிகள். பந்து தடையில்லாமல் வந்துகொண்டே இருக்கும். நம்முடைய அணிக்கு எதிராக ஆடும்போது பெரிய அணிகள் தர்ஜினியோடு மல்லுக்கட்டுவதில்லை. பந்து கொடுக்க வருகிற பிள்ளைகளை நடுவிலேயே மறித்துவிடுவார்கள்.

2019 ஜூலையில் இங்கிலாந்தின் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத்தைப் பாருங்கள். இறுதிப் போட்டியில் நியூசிலாந்து அவுஸ்திரேலியாவை 52–51 என்று ஒரே ஒரு கோலால் வென்றது. அது உலகத்துக்கு நினைவிருக்கிறது. ஆனால் அந்தத் தொடர் முழுவதிலும் அதிக கோல் போட்டவர் அவுஸ்திரேலியாக்காரியும் இல்லை, நியூசிலாந்துக்காரியும் இல்லை. ஈவினைத் தர்ஜினி. 348 கோல்! அப்போது அவருக்கு நாற்பது வயதை ஒட்டி. சிங்கப்பூரை இலங்கை 88–50 என்று அடித்து நொறுக்கியது, அந்த 88இல் பெரும்பங்கு அவருடையது. இத்தனையும் இருந்து இலங்கை எத்தனையாவது? பதினாறு அணிகளில் பதினைந்தாவது.

348, பதினைந்து. இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் எனக்குப் பெருமையும் வரும், கோபமும் வரும்.

அவருடைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று வயதுக்குட்பட்டோர், பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்று படிப்படியாக ஏறி வந்த பிள்ளை இல்லை அவர். 2000களின் நடுப்பகுதியில், இருபது வயதைத் தாண்டிய பிறகுதான் தேசிய அளவில் தெரியவந்தார். கொழும்பில் செலான் வங்கி அணிக்கு ஆடினார். உயரத்தைச் சொல்லி ஊரில் கேலி செய்ததைப் பேட்டிகளில் அவரே பேசியிருக்கிறார். நம்முடைய ஊர் வாயைப் பற்றி நமக்குத் தெரியாதா? உயரமான பெண்பிள்ளை என்றால் முதலில் மாப்பிள்ளையைப் பற்றித்தான் கவலைப்படுவோம். அதையெல்லாம் கேட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனால், அங்கே மைதானத்தில் கூப்பிடுவதும் கத்துவதும் சிங்களத்தில்.

2009இல் மலேசியாவில் ஆசிய சம்பியன் கிண்ணத்தை இலங்கை வென்றபோது அணியில் தர்ஜினி இருந்தார். 2009 நமக்கு என்ன ஆண்டு என்று இந்தச் சபைக்கு நான் விளக்கத் தேவையில்லை. அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருவர் இலங்கை உடுப்பில் வளையத்துக்குக் கீழே நின்று கோல் போட்டதை எப்படி எடுத்துக்கொள்வது என்று அன்றைக்கு இங்கே பலருக்கும் விளங்கவில்லை. எனக்கும் இரண்டு மனமாகத்தான் இருந்தது. ஆனால் பந்து உள்ளே விழுந்தபோது கை தட்டினேன்.

2011இல் சிங்கப்பூரில் உலகப் போட்டி, அதில் சிறந்த சூட்டர் என்ற பெயர். அப்புறம் அவுஸ்திரேலியா. மெல்பேர்ணில் சிட்டி வெஸ்ட் பல்கன்ஸ் கழகத்துக்காக ஆடினார். இந்த விளையாட்டில் அங்கே இடம் கிடைப்பது லேசான காரியமில்லை. 2018இல் சிங்கப்பூரில், ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஆசியக் கிண்ணம் திரும்பவும் நம்மிடம் வந்தது. இறுதியில் 69–50. பயிற்றுநர் திலகா ஜினதாச, தலைவி சதுரங்கி ஜயசூரிய. லிவர்பூலுக்குப் போன அணியில் நம்முடைய பக்கத்திலிருந்து எழிலேந்தினி சேதுகாவலரும் இருந்தார் என்பதை மறந்துவிடாதீர்கள். அவரைப் பற்றி ஒரு கூட்டம் வைத்தோமா? இல்லை.

லிவர்பூலோடு தர்ஜினிக்கு ஓய்வு என்றார்கள். ஆனால் 2022இல் மீண்டும் கூப்பிட்டார்கள், வந்தார். அந்த வருஷம் நாட்டில் பெற்றோலுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மருந்துக்கும் தட்டுப்பாடு. செப்ரெம்பர் 11ஆம் திகதி சிங்கப்பூரில் 63–53 என்று வென்று ஆறாவது ஆசியக் கிண்ணத்தை எடுத்தார்கள். அதே நாளில்தான் துபாயில் ஆண்கள் கிரிக்கெட் அணியும் பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணம் எடுத்தது. அன்றிரவு உங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் எந்த ஆட்டம் ஓடியது என்று கையை உயர்த்திச் சொல்லச் சொன்னால் எனக்கு முடிவு தெரியும். என் வீட்டிலும் கிரிக்கெட்தான் ஓடியது.

2023இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் உலகக் கிண்ணம். நாற்பதைத் தாண்டிய தர்ஜினி அங்கேயும் ஆடினார். எல்லோரும் "என்ன மனவுறுதி!" என்று பாராட்டினார்கள். பாராட்டட்டும். ஆனால் ஒரு வாத்தியாராக எனக்கு வேறொரு கேள்வி வருகிறது. ஓய்வுபெற்ற ஒருவரை அந்த வயதில் திரும்பக் கூப்பிட வேண்டி வந்தது ஏன்? இத்தனை வருஷத்தில் அந்த இடத்துக்கு இன்னொருத்தியை வளர்க்க நம்மால் முடியவில்லை.

வளர்க்காததற்குக் காரணத்தைக் கொழும்பில் தேட வேண்டாம். இங்கேயே இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் எங்களிடம் நல்லாக ஆடுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்பில் ரியூசன் தொடங்கும். சாதாரண தரப் பரீட்சை வந்ததும் சப்பாத்து அலுமாரிக்குள் போய்விடும். உயர்தரத்தில் ஆடுகிற பிள்ளை ஒரு பாடசாலைக்கு ஏழு பேர் தேறாது. இருபது வயதில் ஒருத்தியை யாராவது கண்டுபிடித்தால் அது அவளுடைய அதிர்ஷ்டம். தர்ஜினியை ஒளித்து வைக்க முடியவில்லை, ஆறடி பத்தங்குலம் தூரத்திலிருந்தே தெரிந்துவிட்டது. ஐந்தடி மூன்றங்குலத்தில் நடுவில் நின்று அருமையாகப் பந்து கொடுக்கிற ஒரு சென்டர் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குப் போய்விடுகிறாள். லிவர்பூலில் நமக்கு இல்லாமல் போனவள் அவள்தான்.

அதனால் இன்றைய போட்டிக்கு ஒரு சின்ன மாற்றம் கேட்டேன், அதிபர் சம்மதித்தார். வழக்கமாகக் கோல் போட்டவரின் பெயரை மட்டும்தான் எழுதுவோம். இன்றைக்கு மேசையில் இரண்டாவது கொப்பி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு கோலுக்கும் கடைசியாகப் பந்து கொடுத்த பிள்ளையின் பெயர் அதில் ஏறும். பரிசும் இரண்டு. கணக்கு எழுத இரண்டு பேர் வேண்டும், உயர்தரப் பிள்ளைகள் யாராவது முன்னால் வாருங்கள்.