இன்ஜின் குடிக்கிற காற்று

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். தேனி மாவட்டம் கம்பத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறேன். கூடலூர், லோயர் கேம்ப், மேலே குமுளி, வண்டிப்பெரியாறு என்று இரண்டு மாநில நம்பர் பிளேட்டும் என் பட்டறை வாசலில் நிற்கும். இன்ஜினுக்குக் குளிர்ந்த காற்று கிடைக்கப் பையன்கள் வீட்டிலேயே செய்து பைக்கில் மாட்டுகிற ‘கோல்டு ஏர் இன்டேக்’ பற்றிப் பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்தார்கள். எனக்குப் பிடித்த விஷயம் இது. கையால் செய்து பார்க்கிற பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏர் பில்டர் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற கார்புரேட்டரின் வாயில் ஒரு கூம்பு பில்டரைச் சொருகினால் அது குளிர்ந்த காற்றை இழுக்காது. அந்தக் கூம்பு உட்காரும் இடம் சிலிண்டருக்கு நேர் பின்னால். சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக இருக்கிற ஃபின்களை உரசிச் சூடேறிய காற்று முழுக்க அங்கேதான் வந்து சேரும். கடையில் என்ன பெயர் சொல்லி விற்றாலும் இன்ஜினுக்குக் கிடைப்பது வெந்த காற்றுதான். பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள், அதன் வாயை மட்டும் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோங்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன், எப்படி என்பதை இனி விளக்குகிறேன்.

இன்ஜினுக்குக் காற்றின் எடைதான் கணக்கு. ஒரு கிலோ பெட்ரோல் முழுசாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று சூடானால் விரியும். அதே சிலிண்டருக்குள் எடை குறைவாகத்தான் போகும். கடல் மட்டத்தில் 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 1.16 கிலோ இருக்கும். அதுவே 60 டிகிரியில் 1.06 கிலோதான். மூன்று டிகிரி குறைந்தால் ஒரு சதவீதம் காற்று கூடும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் வருகிற காற்றை 45 டிகிரியிலிருந்து 33 டிகிரிக்கு இறக்கிவிட்டீர்கள் என்றால் லாபம் நான்கு சதவீதம். எட்டு குதிரைத்திறன் வண்டியில் அது அதிகபட்சம் கால் குதிரைத்திறனும் கொஞ்சமும். வண்டி பறக்காது. ஆனால் பின்னால் ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு இரண்டாவது கியரில் மலை ஏறும்போது இழுவை சோர்ந்து போகாமல் இருக்கும். இந்த வேலையில் எதிர்பார்க்க வேண்டியது அந்த அளவுதான்.

மலை என்றதும் இன்னொன்று. பட்டறைக்கு வருகிற தம்பிகள் பலரும் கேட்கிற கேள்வி: “அண்ணே, குமுளிக் குளிருக்கு வண்டி சும்மா பறக்கணும்ல? மேல போகப் போக ஏன்ணே மூச்சு வாங்குது?”

நல்ல கேள்வி. கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம், குமுளி ஏறத்தாழ 900. அந்த 500 மீட்டர் ஏறுவதற்குள் காற்றழுத்தம் ஐந்து சதவீதத்துக்கும் மேல் குறைந்துவிடுகிறது. மூன்று நான்கு டிகிரி குளிர்ச்சி கூடுவது உண்மை. ஆனால் அது திருப்பிக் கொடுப்பது ஒரு சதவீதம் போலத்தான். ஆக, மேலே போகப் போக நமக்குச் சில்லென்று இருந்தாலும் இன்ஜினுக்குக் காற்று பஞ்சம். கார்புரேட்டர் வண்டியில் இதோடு இன்னொரு சங்கடமும் உண்டு. காற்று மெலிந்த அளவுக்குப் பெட்ரோல் குறைவதில்லை. அதனால் மேலே கலவையில் பெட்ரோல் மிஞ்சி ரிச் ஆகிவிடும், வண்டி புகைவிடும், மைலேஜும் குறையும். கீழே கம்பத்தில் இருந்துகொண்டு மேலே ஏலத்தோட்டத்துக்கு வேலைக்குப் போய்வருகிற வண்டி என்றால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டைக் கம்பத்துக்குத்தான் பொருத்த வேண்டும். மேலே கொஞ்சம் ரிச்சாக ஓடினால் இன்ஜினுக்கு ஆபத்தில்லை. குமுளிக்குப் பொருத்திவிட்டுக் கீழே இறங்கினால் கலவையில் பெட்ரோல் குறைந்து லீன் ஆகிப் பிஸ்டன் சூடேறும். இதைச் சரியாகச் செய்தாலே பாதிப் பேருக்குக் குளிர்ந்த காற்று தேவைப்படாது.

அடுத்து, எதிர்க்காற்று. குழாயின் வாயை முன்பக்கம் பார்த்து வைத்தால் வண்டி வேகத்துக்குக் காற்று தானாகத் திணியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலும் அப்படிக் கிடைக்கிற அழுத்தம் அரை சதவீதத்துக்கும் குறைவு. மலைப்பாதையில் 40-இல் போகிற வண்டிக்கு ஒன்றுமே இல்லை. அதற்குப் பதிலாக மழைத்தண்ணீரும், ஆடிக் காற்றில் பறக்கிற மண்ணும் நேராக உள்ளே போகும். வாய் கீழே பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

இப்போது அந்தக் கறுப்பு ஏர் பில்டர் பெட்டிக்கு வருகிறேன். அது வெறும் பில்டரைத் தாங்குகிற டப்பா என்று நினைத்துத்தான் கழற்றி எறிகிறார்கள். 150 சிசி நான்கு ஸ்ட்ரோக் இன்ஜின் 8000 ஆர்பிஎம்மில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 600 லிட்டர் காற்று குடிக்கும். மொட்டை மாடியில் இருக்கிற 500 லிட்டர் தண்ணீர் டேங்க்கை ஒரு நிமிடத்துக்குள் காலி செய்கிற மாதிரி. அதுவும் சீராக இழுக்காது. விட்டு விட்டு, ஒவ்வோர் இன்டேக் ஸ்ட்ரோக்குக்கும் ஒரு இழுப்பு. அந்த இழுப்புக்கு எப்போதும் கையிருப்பாக அமைதியான காற்றை வைத்திருப்பதுதான் பெட்டியின் வேலை. அதன் கொள்ளளவும் வாயின் நீளமும் கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டு வைத்தவை. உறிஞ்சுகிற சத்தத்தை அடக்குவதும் அதுதான். கூம்பு பில்டர் போட்டதும் ‘கர்ர்’ என்று ஒரு சத்தம் வருமே, அதைக் கேட்டுவிட்டு பவர் கூடிவிட்டது என்று சந்தோஷப்படுகிறார்கள். சத்தம்தான் கூடியிருக்கிறது.

பெட்டியோடு இணைந்த சின்னக் குழாய்களும் உண்டு. இன்ஜினின் அடிக்கூடான கிராங்க் கேஸிலிருந்து ஆயில் ஆவி வெளியேறுகிற பிரீதர் குழாய் பெட்டிக்குத்தான் வந்து சேரும். பெட்டி போனால் அது அநாதையாகத் தொங்கி, சங்கிலி மேலும் டயர் மேலும் ஆயிலைக் கக்கும். பின்டயரில் ஆயில் என்றால் கொண்டை ஊசி வளைவில் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, செய்கிறவர்கள் எப்படிச் செய்வது? பழைய கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் மட்டும் கையை வையுங்கள். முதலில் அளந்து பாருங்கள். நீளமான ஒயரின் நுனியில் சென்சார் இருக்கிற சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், மீன் தொட்டிக்குப் போடுவார்களே, அது போதும். நுனியைப் பெட்டியின் வாயில் வைத்து, பட்டையாக டேப் ஒட்டி, ஒருமுறை குமுளி மலை ஏறிப் பாருங்கள். பெட்டி வாயில் காட்டுகிற வெப்பமும் வெளி வெப்பமும் இரண்டு மூன்று டிகிரிக்குள் இருந்தால் வேலையை அத்தோடு விட்டுவிடுங்கள். உங்கள் வண்டிக்குக் கம்பெனியே குளிர்ந்த காற்றைக் கொடுத்திருக்கிறது. ஓடுகிற வண்டியில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். செக்போஸ்ட் நெரிசலில் நிற்கும்போதும், பாரத்தோடு மெதுவாக ஏறும்போதும்தான் டேங்க்குக்கு அடியில் சூடு தேங்கி தெர்மாமீட்டர் எண் ஏறும்.

அப்படி எண் ஏறினால், பெட்டியின் வாயை நீட்ட வேண்டும். வாஷ்பேசினுக்கு அடியில் மாட்டுகிற நெளிகுழாயை வாங்கி வராதீர்கள். உள்ளே இருக்கிற வரிகள் காற்றைத் தடுமாற வைக்கும். அதிர்வில் ஓர மடிப்பு விண்டுபோகும். பிவிசி பைப்பும் வேண்டாம், 60 டிகிரி தாண்டினாலே தளர ஆரம்பிக்கும். நம் ஊரில் தோட்டத்து ஜீப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஜீப் ஸ்பேர் கடையில் வளைவுள்ள ரேடியேட்டர் ஓஸ் பல அளவில் தொங்கும். உங்கள் பெட்டி வாயின் அளவுக்குக் குறையாத ஒன்றைப் பார்த்து எடுங்கள். வழியில் எந்த இடத்திலும் அது குறுகவோ நசுங்கவோ கூடாது. நீளம் ஒரு சாணுக்குமேல் வேண்டாம், நீண்டால் இழுவையின் போக்கே மாறும். பெரும்பாலான வண்டிகளில் சைலென்சர் வலப்பக்கம், அதனால் ஓஸை இடப்பக்கம் கொண்டுபோய், சைடு கவருக்குப் பின்னால், சீட்டின் முன்முனைக்குக் கீழே வாயைக் கீழ்நோக்கி விடுங்கள். சக்கரம் தெறிக்கிற தண்ணீர் எட்டாத உயரமாக இருக்கட்டும். ஓஸின் தாழ்ந்த இடத்தில் பென்சில் முனை அளவுக்கு ஒரு துளை, மழைத்தண்ணீர் நின்றால் வடிய. சிலிண்டருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு அலுமினியத் தகடு, இரண்டு பக்கமும் விரல் நுழையும் இடைவெளி விட்டு. தகடு எதையும் தொடக் கூடாது. தொட்டால் அதுவே சூட்டைக் கடத்திக் கொடுக்கும்.

மாட்டி முடித்ததும் தூசிச் சோதனை. இதைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். பில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பரைக் கழற்றி, அதன் உட்சுவரில் வெள்ளை கிரீஸை ஆள்காட்டி விரலால் மெல்லிசாக, ஒரு நகத்தின் அகலத்துக்குத் தடவுங்கள். மறுபடி மாட்டி ஒரு வாரம் வழக்கம்போல ஓட்டுங்கள். திரும்பக் கழற்றிப் பாருங்கள். கிரீஸ் தடவின மாதிரியே வெள்ளையாக இருந்தால் உங்கள் வேலை சுத்தம். சாம்பல் பூத்து, விரலில் எடுத்துத் தேய்க்கும்போது நறநறவென்றால் எங்கோ இடுக்கு வழியாகத் தூசி போகிறது. அந்த நறநறப்பு பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்து உப்புத்தாள் வேலை பார்க்கும். நான்கு சதவீதக் காற்றுக்காக சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற ரீபோர் செலவு யாருக்கும் வரக் கூடாது.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். மெயின் ஜெட்டை ஒரே நம்பர் மட்டும் ஏற்றிப் பாருங்கள். நேரான சாலையில் திராட்டிலை நன்றாகத் திருகிக் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்ச்சைப் பிடித்து அப்படியே இன்ஜினை அணைத்து, ஓரமாக நிறுத்தி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். பீங்கானில் இளம்பழுப்பு தெரிந்தால் சரி. வெளுத்துக் கிடந்தால் லீன். இன்னும் ஒரு நம்பர் ஏற்ற வேண்டும். கரி படிந்திருந்தால் பழைய ஜெட்டுக்கே திரும்புங்கள். திராட்டிலை விட்டதும் சைலென்சரில் பட் பட் என்று வெடித்தாலும் கலவை லீன் ஆகியிருக்கலாம். சில நேரம் கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கிற மேனிஃபோல்டு ரப்பரில் விரிசல் இருந்தாலும் அப்படி வெடிக்கும், அதையும் பாருங்கள்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகை விதிப்படி செய்த வண்டிகளை விட்டுவிடுங்கள். பெரும்பாலானவற்றில் காற்றின் வெப்பத்தையும் அழுத்தத்தையும் சென்சார் அளந்து, ஈசியூ என்ற சின்னக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கணக்குப் போட்டு அடிக்கிறது. மலை ஏறினால் அதுவே சரிசெய்துகொள்ளும். அங்கே நீங்கள் செய்ய வேண்டிய ஒரே வேலை, பில்டரை நேரத்துக்கு மாற்றுவது.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். கேரளத்தில் மோட்டார் வாகனத் துறை இதில் கண்டிப்பு என்பது எல்லை தாண்டிப் போய்வருகிற உங்களுக்கே தெரியும். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில்தான் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று சொன்னது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. பெட்டியும் பில்டரும் ஒரிஜினலாக இருக்க, ஓஸ் நீட்டல் மட்டும் ஒரு கிளிப்பில் நிற்பதாக அமையுங்கள், ஐந்து நிமிடத்தில் கழற்றிவிடலாம். சாலையில் ஓட்டுவதற்கு முன் உங்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். புகைச் சான்றிதழைப் புதிதாக எடுத்து வையுங்கள். கழற்றிய பழைய ஜெட்டை ஒரு சின்ன கவரில் போட்டு, நம்பரை எழுதி, டூல்ஸ் பையிலேயே வைத்திருங்கள். வணக்கம்.