மேக்ஸை விடுங்கள், சீஃபைப் பாருங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நேரே ஒரு காட்சிக்குப் போய்விடுகிறேன். வில்லனிடம் நம் உளவாளி மாட்டிக்கொண்டு நிற்கிறார். உதவிக்கு யாரும் வரப்போவதில்லை, அது அவருக்கே நன்றாகத் தெரியும். ஆனாலும் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், இந்த நிமிஷமே ஏழு கடலோரக் காவல் படகுகள் நம்மைச் சூழ்ந்துகொண்டிருக்கின்றன, நம்புவீர்களா என்று கேட்கிறார். நம்புவது கஷ்டம் என்கிறான் வில்லன். சரி, ஆறு? அதுவும் இல்லை. ஒரு துடுப்புப் படகில் இரண்டு போலீஸ்காரர்கள்?

1965 செப்டம்பர் 18 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கிய ‘கெட் ஸ்மார்ட்’ என்ற உளவாளி நகைச்சுவைத் தொடரின் முதல் எபிசோடில் வருகிறது இந்தக் காட்சி. மேக்ஸ்வெல் ஸ்மார்ட், ஏஜென்ட் 86, அதாவது டான் ஆடம்ஸ் இந்த வசனத்தைப் பேசுகிறார் என்பது தெரிந்ததுதான். இந்தக் காட்சியைப் பல தடவை பார்த்தபிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. நம்மைச் சிரிக்க வைப்பதில் பாதி வேலையை வில்லன் செய்கிறான். மிஸ்டர் பிக் என்ற அந்த வேடத்தில் நடித்த மைக்கேல் டன் அந்தப் பொய்யை மரியாதையாகக் காது கொடுத்துக் கேட்கிறார், எடைபோட்டுப் பார்க்கிறார், பிறகு மறுக்கிறார். சந்தையில் விலை இறங்குவதுபோல் ஏழு ஆறாகி, ஆறு துடுப்புப் படகாகிறது. அவர் முதல் வரியிலேயே சிரித்திருந்தாலோ சுட்டிருந்தாலோ பேரமே நடந்திருக்காது.

அன்றிலிருந்து நான் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஐந்து சீசன்கள், 138 எபிசோடுகள். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை பார்ப்பேன். முதல் தடவை எல்லோரையும் போல மேக்ஸை. இரண்டாம் தடவை, அவர் பேசும்போது எதிரே யார் நிற்கிறார்களோ அவர்களை. அந்த இரண்டாவது பார்வையில் எழுதிய குறிப்புகளைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

முதலில் தொடர் எப்படிப் பிறந்தது என்று கொஞ்சம். ஜேம்ஸ் பாண்ட் படங்கள் ஓஹோவென்று ஓடிக்கொண்டிருந்த காலம். இன்னொரு பக்கம் கால் தடுக்கி விழுகிற இன்ஸ்பெக்டர் குளூசோவும் திரையில் பெயர் வாங்கிவிட்டார். டாலன்ட் அசோசியேட்ஸ் என்ற தயாரிப்பு நிறுவனத்தில் இருந்த டேனியல் மெல்னிக், இந்த இரண்டையும் சேர்த்து ஒன்று செய்யலாமே என்று மெல் புரூக்ஸையும் பக் ஹென்றியையும் எழுத உட்கார வைத்தார். ஏ.பி.சி. என்ற இன்னொரு தொலைக்காட்சி நிறுவனம்தான் முதலில் காசு கொடுத்துக் கதையை எழுத வாங்கியது. எழுதி வந்ததைப் படித்துவிட்டு, இது அமெரிக்கத்தன்மைக்கு விரோதம் என்று சொல்லி ஒதுக்கிவிட்டது. கதைக்குக் கொஞ்சம் மனசைத் தொடுகிற மாதிரி ஒரு நாயைச் சேர்க்கச் சொன்னார்கள் என்பதற்காக, அந்த இரண்டு எழுத்தாளர்களும் ஆஸ்துமா பிடித்த, சொன்ன பேச்சு கேட்காத ஒரு நாயைச் சேர்த்தார்கள். அதுதான் ஃபாங். நிஜத்திலும் அந்த நாய் சொன்னபடி செய்யாததால் இரண்டாம் சீசனோடு காணாமல் போனது.

ஏ.பி.சி. கைவிட்டதை என்.பி.சி. எடுத்துக்கொண்டது. நடிகர் டாம் போஸ்டனை நினைத்து எழுதிய வேடம், என்.பி.சி.யோடு ஏற்கெனவே ஒப்பந்தத்தில் இருந்த டான் ஆடம்ஸுக்குப் போனது. இந்த மாற்றம் நடந்திருக்காவிட்டால் நான் இங்கே நின்று பேசிக்கொண்டிருக்க மாட்டேன். ஆடம்ஸ் இரண்டாம் உலகப்போரில் மரைன் படையில் இருந்தவர், பசிபிக் தீவான குவாடல்கனாலில் கடும் காய்ச்சல் வந்து சாவின் விளிம்புவரை போய்த் திரும்பியவர், பிறகு புதிய சிப்பாய்களுக்கு டிரில் சொல்லிக்கொடுத்தவர். மேக்ஸின் அந்த நறுக்கென்ற, கட்டளையிடுகிற குரலைக் கேளுங்கள். தான் சொல்வது சரிதானா என்ற சந்தேகமே இல்லாத குரல். முட்டாள்தனமாக ஒன்றைச் சொல்லும்போது அந்தக் குரல் இன்னும் உறுதியாகிறது. முட்டாளாக நடிக்கும் பலர் கண்ணை உருட்டுவார்கள், வாயைக் கோணுவார்கள். ஆடம்ஸ் அப்படி எதுவும் செய்வதில்லை. 1967, 68, 69 என்று வரிசையாக மூன்று முறை தொலைக்காட்சிக்கான எம்மி விருதுகள் வாங்கினார், ஒவ்வொன்றும் தகுதியானதே.

இப்போது சீஃப். கன்ட்ரோல் என்ற ரகசிய அமைப்பின் தலைவர். எட்வர்ட் பிளாட் என்ற நடிகர், ஆழமான குரல், சீரியஸான படங்களில் நடித்துப் பழகியவர். அவரை ஒரு நகைச்சுவை நடிகராக நினைத்து நடிக்க விட்டிருந்தால் தொடர் படுத்திருக்கும் என்பது என் முடிவான கருத்து. அவர் கடைசிவரை ஒரு நல்ல அரசாங்க அதிகாரியாகவே இருக்கிறார். நாட்டுக்கு ஆபத்து என்று அவர் சொன்னால் ஆபத்து என்று நமக்கும் பதறுகிறது. அந்தப் பதற்றம் இருப்பதால்தான் மேக்ஸ் வாயைத் திறந்ததும் சிரிப்பு வருகிறது.

‘மௌனக் கூம்பு’ காட்சிகளை எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் ஒட்டுக்கேட்கக் கூடாது என்பதற்காகக் கூரையிலிருந்து இறங்குகிற கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் கவசம், உள்ளே இரண்டு பேர் தலை மட்டும். இறங்கியதும் உள்ளே இருக்கிற இரண்டு பேருக்கும் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. சில எபிசோடுகளில் வெளியே நிற்பவருக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும், அது தனி வேடிக்கை. மேக்ஸ் ஒவ்வொரு தடவையும் விதிமுறைப்படி கூம்பு வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பார். சீஃபுக்குத் தெரியும், அது வேலை செய்யாது. போன தடவை வேலை செய்யவில்லை, அதற்கு முந்தைய தடவையும் வேலை செய்யவில்லை. ஆனால் விதி விதிதானே. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், அரசு அலுவலகத்தில் ஓடாத இயந்திரத்தோடு முப்பது வருஷம் குடித்தனம் நடத்திய ஒருவரின் பெருமூச்சு அது. எனக்கு அந்தக் கூம்பைவிட அந்தப் பெருமூச்சு பிடிக்கும்.

அப்புறம் மேக்ஸோடு வேலை செய்கிற உளவாளி, ஏஜென்ட் 99. நடித்தவர் பார்பரா ஃபெல்டன். இவரைப் பற்றித்தான் கொஞ்சம் அதிகமாகப் பேசப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எண்களுக்குப் பின்னாலும் ஒரு யோசனை இருக்கிறது. 86 என்பது அமெரிக்க மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் புழங்குகிற பரிபாஷை, ‘இந்த ஆளுக்கு இனிமேல் ஊற்றாதே, வெளியே அனுப்பு’ என்று அர்த்தம். மேக்ஸுக்கு அந்த எண். ஃபெல்டனின் பாத்திரத்துக்கோ 99, நூற்றுக்கு ஒன்று குறைவு. ஃபெல்டன் விளம்பரப் படங்களில் நடித்துப் பிரபலமானவர், அதற்கு முன்னால் 1957-இல் ஷேக்ஸ்பியரைப் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்லி ஒரு தொலைக்காட்சி வினாடி வினாவில் 64,000 டாலர் ஜெயித்தவர். அந்த அறிவு அவர் கண்ணில் தெரியும். அறையில் இருக்கிற எல்லோரையும்விட விஷயம் தெரிந்தவர் 99-தான். விடையை அவர் முதலிலேயே கண்டுபிடித்துவிடுவார். கண்டுபிடித்ததை மேக்ஸ் தானே கண்டுபிடித்ததாக நினைக்கும்படி, ஒரு கேள்வியாகவோ தயக்கமாகவோ மாற்றிக் கொடுப்பார்.

1960-களில் ஒரு பெண் பாத்திரத்தை இப்படி எழுதியதை நீங்கள் இரண்டு விதமாகப் பார்க்கலாம். இத்தனை கெட்டிக்காரி ஏன் இந்த ஆளுக்குப் பின்னால் ஒளிய வேண்டும் என்று கோபப்படலாம், எனக்கும் சில எபிசோடுகளில் அந்தக் கோபம் வந்திருக்கிறது. ஆடம்ஸைவிட உயரமாகத் தெரியக்கூடாது என்பதற்காக ஃபெல்டன் பல காட்சிகளில் சாய்ந்துகொண்டும் உட்கார்ந்துகொண்டும் இருப்பார், அதைக் கவனித்துவிட்டால் பிறகு கண்ணை எடுக்க முடியாது. ஆனால் அவர் நடிப்பைக் கூர்ந்து பார்த்தால் ஒளிந்துகொள்கிற ஒருத்தி தெரிவதில்லை. மேக்ஸின் தைரியம் நிஜம் என்று அவருக்குத் தெரியும். மூளை கம்மி, ஆனால் சாவுக்குப் பயப்படாத ஆள், நண்பனை விட்டு ஓடாத ஆள். அதற்காகத்தான் 99 அவரைப் பாசத்தோடு பார்க்கிற அந்தப் பார்வை. அந்தப் பார்வை இல்லாவிட்டால் மேக்ஸ் நமக்கு வெறும் கோமாளி. 99 அவரை நேசிப்பதால் நாமும் அவரைச் சகித்துக்கொள்கிறோம், கொஞ்ச நேரத்தில் நேசிக்கவும் ஆரம்பித்துவிடுகிறோம்.

மூன்றாம் சீசனில் ஒரு எபிசோடில் 99 வேலையை விட்டுவிட்டு வேறொருவரைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறார். அப்போது அவர் பெயர் சூசன் ஹில்டன் என்று வருகிறது. அப்பாடா, பெயர் தெரிந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போது, கடைசியில் அது தன் நிஜப் பெயர் இல்லை என்கிறார். நான்காம் சீசனில் மேக்ஸுக்கும் அவருக்கும் கல்யாணம் நடக்கிறது, அங்கேயும் நமக்குப் பெயர் தெரிவதில்லை. ஐந்து வருஷம் வீட்டுக்குள் வந்துபோன ஒருவரின் பெயர் கடைசிவரை தெரியாது.

சரி, எபிசோடுகளுக்கு வருகிறேன். எனக்கு மிகப் பிடித்தது முதல் சீசனின் இறுதியில் வந்த ‘ஷிப் ஆஃப் ஸ்பைஸ்’. இரண்டு பாகம். ஒரு சரக்குக் கப்பல், மூடுபனி, திருடுபோன போர்க்கப்பல் வரைபடம், பயணிகளில் ஒருவன் கொலைகாரன், அவன் வரும்போது மட்டும் டக்டக்கென்று ஒரு சத்தம். நகைச்சுவையை முழுதாக உருவி எடுத்துவிட்டாலும் ஒரு நல்ல மர்மக் கதை மிஞ்சும். எழுதிய பக் ஹென்றிக்கும் லியனார்ட் ஸ்டெர்னுக்கும் எம்மி கிடைத்தது. நல்ல எபிசோடா இல்லையா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனையும் இதுவே: சிரிப்பை எடுத்துவிட்டு மிச்சம் இருக்கும் கதையில் ஆபத்து இருக்கிறதா?

அடுத்து ஹைமி வருகிற முதல் எபிசோடு. ஹைமி ஒரு ரோபோ, டிக் காட்டியர் நடித்தது. எதிரி அமைப்பான கேயாஸ் அவனை மேக்ஸிடம் அனுப்புகிறது. சொன்னதைச் சொன்னபடியே செய்வான். ‘ஒரு கை கொடு’ என்றால் கையைக் கழற்றிக் கொடுக்கிற ரகம். ஆங்கிலத்தில் விளக்கை அணைக்கச் சொல்லும்போது விளக்கைக் ‘கொல்’ என்றும் சொல்வார்கள், இவன் துப்பாக்கியை எடுத்து விளக்கைச் சுடுவான். காட்டியரின் முகத்தில் ஒரு வரி அசையாது. மேக்ஸ் பேசுவதை உலகத்திலேயே முழு மனசாக, ஒரு சொல் விடாமல் கேட்கிற ஒரே ஜீவன் இவன்தான். மேக்ஸும் அவனை ஒரு இயந்திரமாக நடத்துவதில்லை, நண்பனாக நடத்துகிறார். அதனால்தான் கடைசியில் தன்னைச் செய்தவனுக்கு எதிராகவே ஹைமி துப்பாக்கியைத் திருப்புகிறான். எனக்குத் தொண்டை அடைத்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

மூன்றாம் சீசனின் ‘மேக்ஸ்வெல் ஸ்மார்ட், பிரைவேட் ஐ’ இன்னொன்று. அரசாங்கம் செலவைக் குறைக்கிறது, உளவாளிகள் எல்லாம் வயிற்றுப்பாட்டுக்குப் பகுதிநேர வேலை தேடுகிறார்கள், மேக்ஸ் தனியார் துப்பறிவாளர் ஆகிறார். இயக்கிய புரூஸ் பில்சனுக்கு எம்மி. ‘குரூவி குரு’ என்று ஒன்று இருக்கிறது, பாட்டை வைத்து இளைஞர்களை வசியம் செய்கிற வில்லன், 1968-இன் வாசனை அப்படியே இருக்கும். பார்க்கலாம், ஆனால் கதை மெலிசு.

சீக்ஃப்ரீடைச் சொல்லாமல் விட்டால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள். கேயாஸின் பெரிய புள்ளி, ஜெர்மன் உச்சரிப்பு, பெர்னி கோபெல். பக்கத்தில் ஸ்டார்க்கர் என்ற உதவியாள், கதை சொல்லும்போது வாயாலேயே சத்தம் எழுப்புவான், இது கேயாஸ், இங்கே அதெல்லாம் கூடாது என்று சீக்ஃப்ரீட் அதட்டுவார். இவருக்கும் மேக்ஸுக்கும் உள்ள உறவுதான் எனக்கு அதிசயம். இருவரும் ஒருவரை ஒருவர் கொல்லத் துடிப்பவர்கள், ஆனால் நடுவில் இரண்டு வங்கி ஊழியர்கள் தேநீர் குடிக்கிறமாதிரி அலுவலகக் கதை பேசிக்கொள்வார்கள். இவரும் மேக்ஸை முழு எதிரியாக மதித்துக் கேட்கிறார். அதனால் சண்டை சூடாக இருக்கிறது.

இதே அளவுகோலை வைத்துத்தான் எனக்குப் பிடிக்காததையும் சொல்ல முடிகிறது. முதல் சீசனில் கிளா என்ற ஆசிய வில்லன் வருகிறான். அவனால் தன் பெயரையே சரியாக உச்சரிக்க முடியாது, ‘கிரா’ என்பான், மேக்ஸ் அதையே திருப்பிச் சொல்வார், அவன் கோபப்படுவான். நடித்தவர் லியனார்ட் ஸ்டிராங் என்ற வெள்ளை அமெரிக்கர். அந்தக் காலத்தில் இது சகஜம் என்று சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் போதவில்லை. மற்ற காட்சிகளில் நாம் சிரிப்பது மேக்ஸின் தலைக்கனத்தைப் பார்த்து. இங்கே நம்மைச் சிரிக்கச் சொல்வது ஒரு இனத்தின் நாக்கைப் பார்த்து. ‘லகரம்’ வரவில்லை என்று பள்ளிக்கூடத்தில் கேலிக்கு ஆளான யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், வலி புரியும்.

ஐந்தாம் சீசன் வேறு விதமான சரிவு. என்.பி.சி. கைவிட, சி.பி.எஸ். எடுத்தது. 99-க்கு இரட்டைக் குழந்தைகள். குழந்தை பிறந்தது தவறில்லை, ஆனால் எழுதியவர்களுக்கு அம்மாவாகிவிட்ட உளவாளியை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவரைப் பல எபிசோடுகளில் வீட்டோரமாக நிறுத்திவிட்டார்கள். கேட்கும் முகம் காட்சியிலிருந்து போய்விட்டது, மேக்ஸ் காற்றோடு பேசுகிறார். 1970-இல் தொடர் முடிந்தபோது எனக்கு அதனால்தான் பெரிய ஆச்சரியம் இல்லை.

பார்க்கிற விதத்தைப் பற்றி ஒரு வேண்டுகோள். ஒரே மூச்சில் ஐந்தாறு எபிசோடு பார்க்காதீர்கள். ‘மன்னிக்கணும் சீஃப்’, ‘இத்தனூண்டில் தப்பிவிட்டது’ போன்ற மேக்ஸின் வழக்கமான வசனங்கள் வாரம் ஒரு முறை கேட்பதற்காக எழுதப்பட்டவை. பழைய நண்பர் வாரம் ஒரு தடவை வந்து அதே ஜோக்கைச் சொன்னால் சந்தோஷம், ஒரே சாயங்காலத்தில் ஆறு தடவை சொன்னால் கதவைச் சாத்தத் தோன்றும். நான் முதல் தடவை அப்படித்தான் பார்த்து, நல்ல எபிசோடுகள் சிலவற்றுக்கு அநியாயமாகக் குறைந்த மதிப்பெண் போட்டேன். பிறகு நாளுக்கு ஒன்று என்று திருத்திப் பார்த்தபோது குறிப்பேட்டில் பாதி அடித்தல் திருத்தல்.

பேசியது போதும். இப்போது ‘ஷிப் ஆஃப் ஸ்பைஸ்’ முதல் பாகத்தைப் போடப் போகிறோம், இருபத்தைந்து நிமிஷம்தான். மேக்ஸும் 99-ம் ஒன்றாக வரும் காட்சிகளில் உங்கள் கண்ணை 99-மேலேயே வைத்திருங்கள், முடிந்ததும் என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள். பின்வரிசை நண்பர்களே, அந்த விளக்கை அணைத்துவிடுங்கள்.