டேட்டாபேஸை அழிக்கும் அந்த ஒரு வரி

வணக்கம். பின்னால் நிற்கிற தம்பிகள் முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது.

நிரலிலிருந்தே ஒரு டேட்டாபேஸை அழிப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எப்படி என்பது ஒரே வரி. நிரலிலிருந்து டேட்டாபேஸோடு பேச உதவும் லைப்ரரி மைக்ரோசாஃப்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர். அதில் ‘என்ஷ்யூர் டெலீட்டட்’ என்று ஒரு மெத்தட் இருக்கிறது. அதை அழைத்தால் டேட்டாபேஸ் போய்விடும். இருந்ததை அழித்திருந்தால் ‘ட்ரூ’ வரும், முதலிலேயே இல்லையென்றால் ‘ஃபால்ஸ்’ வரும். இடையில் ஒரு கேள்வியும் வராது.

இது தேவையான வசதிதான். நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் ஒவ்வொரு டெஸ்டும் சுத்தமான டேட்டாபேஸில் ஓட வேண்டுமென்றால், பழையதை அழித்துப் புதிதாகக் கட்டத்தான் வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் இதைப் பைத்தானிலிருந்து முதல்முறை செய்பவர் மூன்று இடத்தில் முட்டிக்கொள்வார். அழிக்கப்போகும் டேட்டாபேஸுக்குள் இருந்துகொண்டே அதை அழிக்க முடியாது. ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற இன்னொரு டேட்டாபேஸில் இணைந்து, அங்கிருந்து கட்டளை கொடுக்க வேண்டும். சரி என்று அங்கே போனால், டிரான்சாக்ஷனுக்குள், அதாவது பல கட்டளைகளை ஒன்றாகக் கட்டிய தொகுப்புக்குள், இந்தக் கட்டளை ஓடாது என்று பிழை வரும். பைத்தானை இதோடு இணைக்கும் சைகோபிஜி2 லைப்ரரி நம்மைக் கேட்காமலே டிரான்சாக்ஷனைத் திறந்துவிடும், அதனால் ஒவ்வொரு கட்டளையையும் தனியாக ஓட்டும் ஆட்டோகமிட்டை இயக்கிவிட வேண்டும்.

அப்புறம் மூன்றாவது. வேறு யாரோ இந்த டேட்டாபேஸைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொல்லும். யாருமே இல்லையே என்று தேடுவோம். பெரும்பாலும் அந்த ஆள் நாம்தான். நாம் ‘குளோஸ்’ என்று சொன்ன கனெக்ஷனை லைப்ரரி உடனே அறுத்துவிடாது. அடுத்த முறைக்கு ஆகும் என்று ‘பூல்’ என்ற சேமிப்பில் எடுத்து வைத்துக்கொள்ளும். எஸ்கியூஎல்அல்கெமி என்ற பைத்தான் லைப்ரரியில், இணைப்புகளை வைத்திருக்கும் ‘இன்ஜினை’ ‘டிஸ்போஸ்’ செய்தால்தான் அது விடும். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில், 2020இல் வந்த 13ஆம் பதிப்பிலிருந்து, அழிக்கும் கட்டளையோடு ‘ஃபோர்ஸ்’ என்று சேர்த்து எழுதினால் மற்ற இணைப்புகளைத் துண்டித்துவிட்டு அழித்துவிடும். அதற்கு முன்பு ஒவ்வொரு இணைப்பையும் நாமே கட்டளை கொடுத்து வெட்ட வேண்டும்.

இந்த மூன்று தடைகளையும் தொல்லை என்று நினைத்த காலம் எனக்கும் உண்டு. ஒரு நாள் காலையில் அது மாறியது.

அப்போது ஒரு சிறிய அலுவலகத்துக்கு பில்லிங் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். டேட்டாபேஸுக்கு மைக்ரோசாஃப்டின் எஸ்கியூஎல் சர்வர், லைப்ரரி என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர். முந்தைய நாள் ஒரு பிழையைத் தேடுவதற்காக, எந்த டேட்டாபேஸில் இணைய வேண்டும் என்று சொல்லும் கனெக்ஷன் ஸ்ட்ரிங்கை அலுவலகத்தின் நிஜ டேட்டாபேஸுக்கு மாற்றி வைத்திருந்தேன். திருப்பி மாற்ற மறந்துபோனேன். காலை பதினொன்றரைக்கு, ‘என்ஷ்யூர் டெலீட்டட்’ வரியோடு தொடங்கும் டெஸ்டை ஓட்டினேன். எல்லாம் பச்சையாக, பிழையில்லாமல் வந்தது. ஒரு நிமிடத்தில் போன் அடித்தது: “சார், பில் ஒண்ணையும் காணோம்.”

அங்கே நாலு பேர் மென்பொருளைத் திறந்து வைத்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இணைப்பு இருக்கும்போது டேட்டாபேஸை அழிக்க எஸ்கியூஎல் சர்வரும் தானாக விடாது. ஆனால் என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் சர்வரின் ‘மாஸ்டர்’ டேட்டாபேஸுக்குப் போய், அழிக்க வேண்டியதை ஒற்றைப் பயனர் நிலைக்கு மாற்றி, உள்ளே இருப்பவர்களை உடனே வெளியே தள்ளிவிட்டு, அதன் பிறகு அழிக்கிறது. டெஸ்ட் எழுதுகிறவருக்கு உதவி செய்யத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு என்னைத் தடுத்திருக்கக்கூடிய ஒரே பூட்டும் அப்படித்தான் திறந்துபோனது.

முந்தைய இரவின் பேக்கப் இருந்தது. காலை நேரத்து பில்கள் மட்டும் போயின. கணக்குப் பிரிவில் இருந்த அக்கா நகல் கட்டைப் பிரித்து மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாக மறுபடி அடித்தார். பக்கத்தில் உட்கார்ந்து எண்களை வாசித்துச் சொன்னேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு, இணையச் செயலிகள் கட்ட உதவும் ரூபி ஆன் ரெயில்ஸில் இருக்கிறது. 2016இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து, ‘இது புரொடக்ஷன்’, அதாவது நிஜப் பயன்பாட்டில் இருப்பது, என்பதை டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு சிறு டேபிளில் எழுதி வைக்கிறார்கள். அழிக்கும் கட்டளை வந்தால் முதலில் அந்த டேபிளைப் படிக்கும். புரொடக்ஷன் என்று இருந்தால் மறுத்துவிடும். என் கணினியில் இருக்கும் செட்டிங் தவறாக இருந்தாலும், எதிரே இருக்கும் டேட்டாபேஸ் தான் யார் என்று சொல்லிவிடுகிறது. அன்று என்னிடம் இல்லாதது இதுதான்.

இன்னொன்றும் இல்லை. என் நிரல் ‘எஸ்ஏ’ என்ற லாகினில் ஓடிக்கொண்டிருந்தது. சர்வரில் எதையும் செய்யக்கூடிய லாகின் அது. பில் போடும் நிரலுக்குப் படிக்கவும் எழுதவும் அனுமதி போதும். டேபிள்களை மாற்றும் மைக்ரேஷனுக்கு வேறு லாகின். டெஸ்டுக்கு வேறு சர்வர், முடிந்தால் உங்கள் கணினியிலேயே ஒரு டாக்கர் கன்டெய்னர், அதாவது மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்த சிறு பெட்டி போன்ற சூழல். இதை அமைக்க ஒரு மதியம் ஆகும்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். போஸ்ட்கிரெஸ்கியூஎல்லில் காலி டேட்டாபேஸ் ஒன்றை உருவாக்குங்கள். உங்கள் நிரல் நிஜத்தில் எந்த லாகினில் ஓடுகிறதோ அதற்கு இணையான அனுமதிகளோடு ஒரு லாகின் உருவாக்குங்கள்; அது நிஜ டேட்டாபேஸின் உரிமையாளர் என்றால், காலி டேட்டாபேஸையும் இந்தப் புதிய லாகினுக்கே உரிமையாக்குங்கள். அந்த லாகினில் ‘போஸ்ட்கிரெஸ்’ டேட்டாபேஸில் இணைந்து, காலி டேட்டாபேஸை அழிக்கும் டிராப் கட்டளையைக் கொடுங்கள். டேட்டாபேஸின் உரிமையாளராக இருக்க வேண்டும் என்று பிழை வந்தால் நல்லது. பிழை வராமல் காலி டேட்டாபேஸ் காணாமல் போனால், நாளை காலை முதல் வேலையாக அந்த லாகினை மாற்றுங்கள்.