கஞ்சாப் பூவின் மணம் முதிரும் விதம்

நேயர்களுக்கு வணக்கம். கஞ்சாச் செடியின் மணம் எங்கே உருவாகிறது, பூக்கும் பருவத்தின் கடைசி வாரங்களில் அது ஏன் அத்தனை கடுமையாகிறது என்பதைத் தாவரவியல் நோக்கில் இன்று பார்க்கலாம்.

பெண் பூக்களைப் பொதிந்திருக்கும் சிறு செதிலிலைகளின் மேல் அடர்ந்து நிற்கும் சுரப்பு மயிர்களே இந்த மணத்தின் பிறப்பிடம். காம்பின் நுனியில் உருண்டைத் தலை. அத்தலையின் அடியில் தட்டுப்போல் அமைந்த செல்கள் எண்ணெயையும் பிசினையும் சுரந்து, மேலே உள்ள மெல்லிய உறைக்குள் சேர்த்துவைக்கின்றன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இலையோடு ஒட்டிய காம்பற்ற சுரப்பிகளில் 8 சுரப்புச் செல்கள் இருக்க, முதிர்ந்த பூவின் காம்புள்ள சுரப்பிகளில் 12 முதல் 16 வரை உள்ளன; எளிதில் ஆவியாகும் மணச் சேர்மங்களான மோனோடெர்பீன்களின் பங்கும் இவற்றிலேயே மிகுதி. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பதும் இந்தப் பூ நுனிகளையே. நுனியோடு சேராத இலையும் விதையும் அவ்வரையறைக்குள் வருவதில்லை.

பூ முதிரும்போது மிர்சீன், எலுமிச்சைத் தோலில் உள்ள லிமோனீன், பைன் மரத்தின் பைனீன், மிளகிலும் கிராம்பிலும் உள்ள கேரியோஃபில்லீன் ஆகியவை இனத்துக்கு ஏற்ற விகிதத்தில் திரள்கின்றன. கஞ்சாவின் மணம் முழுவதையும் டெர்பீன்கள் எனப்படும் இச்சேர்மங்களின் கணக்கிலேயே எழுதிவிடும் பழக்கம் நெடுநாள் இருந்தது. ஆனால் இந்த டெர்பீன்கள் எதிலும் இல்லாத ஒரு நெடி, ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு பீய்ச்சும் திரவத்தைப் போல மூக்கைத் துளைக்கும் நாற்றம், சில இனங்களில் தூக்கலாக இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?

கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-இல் இதற்கு விடை கண்டார்கள். மிக நுண்ணிய அளவே இருக்கும் கந்தகச் சேர்மங்கள், குறிப்பாக மூன்று-மெத்தில்-இரண்டு-பியூட்டீன்-ஒன்று-தயோல் என்பதே அந்த நெடிக்குக் காரணம். வெயில் பட்ட பீரில் கெட்ட வாடையை உண்டாக்குவதும் இதே சேர்மம்தான். பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸும் கஞ்சாவும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். இச்சேர்மங்கள் பூக்கும் பருவத்தின் இறுதியில்தான் சட்டென்று பெருகி, அறுவடைக்குப் பின் பதப்படுத்தும்போது உச்சத்தை எட்டுவதாக அந்த ஆய்வு காட்டியது. அளவில் அற்பமான ஒரு பொருள் மொத்த மணத்தையும் தன்வசப்படுத்துவதை வேதியியலார் வியப்பதில்லை. ஏனெனில் கந்தகச் சேர்மங்களை மனித மூக்கு மிகக் குறைந்த செறிவிலேயே உணர்ந்துவிடும்.

நெடி ஏறினால் போதையும் ஏறும் என்ற நம்பிக்கை பிழையானது. மோனோடெர்பீன்களும், டி.எச்.சி. உள்ளிட்ட கன்னாபினாய்டுகள் என்ற சேர்மங்களும் ஒரே மூலப்பொருளைப் பங்கிட்டுக்கொண்டு அதே சுரப்பியில் உருவாவதால் இரண்டும் ஒருங்கே முதிர்வதுபோல் தோன்றலாம்; ஆனால் போதை தரும் டி.எச்.சி.க்கு மணமே கிடையாது எனலாம். உலர்த்திச் சேமிக்கும்போது இலேசான மோனோடெர்பீன்கள் முதலில் ஆவியாகின்றன. கந்தக நெடியும் விரைவில் தணிகிறது. கனமான கேரியோஃபில்லீன் போன்றவை எஞ்சி நிற்கின்றன. ஆகவே, பழைய சரக்கின் வாசனையை வைத்து, வயலில் நின்ற செடி எப்படி மணத்திருக்கும் என்று கணிக்க இயலாது.