வெயிலை அளந்தவர்

கிளிநொச்சியில் பெற்றோரும் ஆசிரியரும் கூடிய கூட்டமொன்றில் தோல் நோய் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.

பெரியோர்களே, தாய்மார்களே,

சிறுபோக நெல்லை வீதியோரத்தில் காயப்போடும் ஊர் நம்முடையது. வெயிலுக்கு இங்கே பஞ்சமில்லை. வெயிலுக்கு ஏங்கிய ஒருவர் அதை மருந்தாக்கிய கதையைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நீல்ஸ் ஃபின்சன் 1860இல் வட அட்லாண்டிக்கின் பரோயே தீவுகளில் பிறந்தார். கொப்பன்ஹேகனில் மருத்துவம் படிக்கும்போதே தீராத நோய் அவரைப் பிடித்தது. குடியிருந்ததோ வடக்குப் பார்த்த வீடு. வெயில் உள்ளே விழாது. வெயிலில் இருந்தால் உடம்பு சற்றுத் தேறுவதை உணர்ந்தார். பூனையொன்று நிழல் நகர நகரத் தானும் வெயிலுக்கு நகர்ந்து படுப்பதைப் பார்த்தார். நாமும் ஆயிரம் தடவை பார்த்ததுதான். அவர் அதை ஆய்வுக்குரிய கேள்வியாக எடுத்துக்கொண்டார்.

அக்காலத்தில் தோலில் வரும் காசநோய் ஐரோப்பியர் பலரின் மூக்கையும் கன்னத்தையும் அரித்தது. 1895இல் பொறியியலாளர் ஒருவரின் முகத்தில், ஆண்டுக்கணக்கில் ஆறாதிருந்த அப்படியொரு புண்ணில், காபன் வில் விளக்கின், அதாவது இரு கரிக்கோல்களுக்கிடையே மின்சாரம் பாய்ந்து கூசும் ஒளி தரும் விளக்கின், ஒளியைக் குவித்துப் பாய்ச்சினார். சில மாதங்களில் புண் ஆறத் தொடங்கியது. சூடு தோலைப் பொசுக்காதபடி தண்ணீரால் குளிர்வித்தார். இரத்தம் ஒளியை உறிஞ்சிவிடும் என்பதால், தாதியொருவர் குவார்ட்ஸ் வில்லையைத் தோலில் அழுத்திப் பிடித்து இரத்தத்தை விலக்கினார். ஒரு நாளைக்கு ஒரு சின்ன வட்டம் மட்டும். நெடுநேரம் அசையாமல் பிடித்திருந்த அந்தத் தாதிமாரின் கைகளை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் நெகிழும்.

1903இல் நோபல் பரிசு கிடைத்தபோது அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். மறு ஆண்டே, 43 வயதில், காலமானார். கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்களில் அலைநீளம் குறுகியவையே கிருமியைக் கொல்கின்றன என்று அவர் சொன்ன காரணம் பொருந்தாது என்று 2005இல் டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: அந்தக் கதிர்கள் அவருடைய கருவியைத் தாண்டி வரவேயில்லை. காரணத்தில் தவறியவர் அளவில் தவறவில்லை. புண்களும் ஆறின.

இந்த அளவுதான் நமக்கு வேண்டியது. கார்போகரிசி என்ற மூலிகை விதையை நம் பரியாரிமார் நெடுங்காலமாக வெண்படைக்கு, அதாவது தோலில் நிறம் போய் வெள்ளைத் திட்டு விழும் நோய்க்கு, பூசி வந்திருக்கிறார்கள். அதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை ஒளிக்குக் கூருணர்வுள்ளதாக்கும். நைல் கரைச் செடியொன்றிலும் அதே வகைப் பொருள் உண்டு. 1940களில் எகிப்திய வைத்தியர் எல் மோஃப்தி அதை வெண்படைக்குக் கொடுத்தார். 1974இல் அமெரிக்காவில் தோல் வைத்தியர் ஜோன் பரிஷும் கூட்டாளிகளும் சோரலெனோடு கழியூதா விளக்கைச் சேர்த்து, தோல் சிவந்து செதில் செதிலாக உரியும் சொரியாசிஸைத் தணித்துக் காட்டினார்கள். இன்று பெரும்பாலும் சோரலெனே இல்லாமல், 311 நனோமீற்றர் அலைநீளமுள்ள கழியூதா ஒளியை மட்டும் கொடுக்கிறோம். பரியாரிமார் கண்டது மெய். மத்தியான வெயிலுக்குத்தான் அளவில்லை.

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிவந்தார். கன்னத்திலும் விரல் நுனியிலும் வெண்படை. யாரோ சொன்னார்கள் என்று கார்போகரிசியை அரைத்துப் பூசி, உச்சி வெயிலில் நிறுத்தியிருக்கிறார்கள். கன்னம் முழுக்கக் கொப்புளம். "வெண்குட்டமாம் ஐயா, பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருக்க மாட்டார்களாம்" என்று அழுதார். அந்தப் பெயரை விட்டுவிடுங்கள் என்று உங்களிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். இது குட்டநோயன்று, தொற்றவும் மாட்டாது. தோலுக்கு நிறம் தரும் கலங்களை உடம்பே அழித்துவிடுகிறது, அவ்வளவுதான்.

கொப்புளம் ஆறியபின் விளக்குச் சிகிச்சை தொடங்கினோம். முதலில் மிகக் குறைந்த அளவு, பிறகு படிப்படியாகக் கூட்டினோம். சில மாதங்களில், வெள்ளைக்குள் மிளகு தூவியதுபோல் கரும்புள்ளிகள் தெரிந்தன. நோய் முற்றிவிட்டது என்று தாய் பயந்தார். மயிர்க்கால்களிலிருந்து நிறம் திரும்பும்போது அப்படித்தான் தெரியும் என்றேன். அதன்பின் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளிகளை எண்ணிக்கொண்டு வருவார். விரல் நுனி இன்னும் வெள்ளைதான். அந்த இடம் எளிதில் மசியாது என்று முதல்நாளே சொல்லியிருந்தேன்.

இந்தச் சிகிச்சைக்கு வாரத்துக்கு இரண்டு, மூன்று நாள், பல மாதங்கள் வர வேண்டும். பஸ் காசு, அறுவடைக் காலம், பாடசாலை என்று எல்லாம் குறுக்கே நிற்கும். பாதியில் நின்றுபோனவர்களே என்னிடம் அதிகம். இங்கிருக்கும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: சிகிச்சை நாளில் அப்படியொரு பிள்ளை வராவிட்டால் ஏசாதீர்கள். விட்ட பாடத்தை இன்னொரு பிள்ளையின் கொப்பியிலிருந்து எழுதிக்கொள்ள அரைமணி நேரம் கொடுங்கள்.