பக்ஃபாஸ்ட்: துறவிகள் கட்டிய கோவில்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன் பகுதியில் டார்ட் ஆற்றங்கரையில் இருக்கிறது பக்ஃபாஸ்ட் என்ற கத்தோலிக்கத் துறவிகளின் மடம். தோன்றிய ஆண்டு 1018. கம்பளி வியாபாரத்தால் ஒரு காலத்தில் செழித்த மடம் இது. 1539-இல் எட்டாம் ஹென்றி மன்னர் நாடெங்கும் மடங்களைக் கலைத்தபோது இதுவும் போயிற்று. கூரையின் ஈயத்தகட்டைக்கூட உரித்தெடுத்துவிட்டார்கள். 1800 வாக்கில் ஒரு செல்வந்தர் மிஞ்சிய இடிபாடுகளையும் அப்புறப்படுத்தி, அங்கேயே தமக்கு மாளிகை எழுப்பிக்கொண்டார்.

1882-இல் அந்தச் சொத்து விலைக்கு வந்தது. துறவியர் சபைக்கு ஏற்ற இடம் என்று உரிமையாளர் ஒரு கத்தோலிக்க வார இதழில் விளம்பரம் கொடுத்தார். பிரான்ஸ் அரசு வெளியேற்றிய பெனடிக்ட் சபைத் துறவிகள் போக்கிடம் தேடிக்கொண்டிருந்த நேரம் அது. வந்து சேர்ந்தார்கள். காய்கறிப் பாத்திக்காக மண்ணைக் கொத்தியபோது பழைய மடத்தின் அஸ்திவாரம் தட்டுப்பட்டது.

அதன் மேலேயே மடத்தின் கோவிலை, அதாவது தேவாலயத்தை, திரும்பக் கட்டும் துணிச்சல் வர 1906 ஆகிவிட்டது. அந்த ஆண்டு மடாதிபதி போனிஃபேஸ் நாட்டர் சென்ற 'சிரியோ' கப்பல் ஸ்பெயின் கரையருகே மூழ்கியது. அவர் இறந்தார், உடன் சென்ற அன்ஸ்கார் வோனியர் பிழைத்தார். முப்பது வயதில் அடுத்த மடாதிபதியான வோனியர், கோவில் கட்டப் போகிறோம் என்று அறிவித்துவிட்டார்.

கட்டியது யார் என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. கல்தச்சு வேலை தெரிந்தவர் பீட்டர் என்ற ஒரே ஒரு சகோதரர். மற்றவர்கள் அவரிடம் கற்றுக்கொண்டார்கள். ஒரே சமயத்தில் சாரத்தில் நின்றவர்கள் பெரும்பாலும் நான்கு பேர். ஆறு பேருக்கு மேல் போனதில்லை. மரக்கம்புகளைக் கயிற்றால் கட்டிய சாரம். பாதுகாப்புக் கவசம் எதுவும் கிடையாது. ஐம்பது அடி உயரத்திலிருந்து ஒருவர் விழுந்தார், பிழைத்துக்கொண்டார். 1931-இல் பளுதூக்கியிலிருந்து மூன்று பேர் விழுந்தார்கள், பெரிய காயமில்லை!

முதல் உலகப் போரின்போது, எதிரி நாட்டவர் என்றாலும், மடத்திலிருந்த ஜெர்மன் துறவிகளை முகாமில் அடைக்காமல் விட்டார்கள். ஆனால் மடத்து எல்லையைத் தாண்டக் கூடாது, கட்டட வேலையைத் தொடர வேண்டும் என்பது நிபந்தனை. கோவிலுக்கு இதைவிட உறுதியான வேலையாட்கள் வேறெப்படிக் கிடைப்பார்கள்?

1932-இல் கோவில் அபிஷேகம் செய்யப்பட்டது. கோபுர வேலை எல்லாம் முடிந்தது 1938 டிசம்பரில். அதே மாதம் வோனியர் காலமானார். ஒப்பந்தக்காரரிடம் விட்டிருந்தால் நாலைந்து ஆண்டில் முடிந்திருக்கும். பழைய கட்டடம் ஒன்று மீண்டிருக்கும், அவ்வளவே. அந்த முப்பது ஆண்டு உழைப்பில்தான் அங்கே ஒரு மடம் வேரூன்றியது என்பது என் எண்ணம்.

கல் சுமக்கத் தெம்பில்லாத ஒரு ஜெர்மன் பையனைத் தேனீக் கூடுகளைப் பார்க்க அனுப்பினார்கள். அவர்தான் சகோதரர் ஆடம். பிரிட்டன் முழுவதும் பரவிய நோயில் மடத்தின் 46 தேனீக் கூட்டங்களில் 30 அழிந்தன. தப்பியவற்றில் இத்தாலியத் தேனீயின் கலப்பு இருப்பதைக் கவனித்து, அதிலிருந்து புதிய கலப்பினத்தை உருவாக்கினார். அதற்காகவே பல நாடுகளுக்குப் பயணமும் செய்தார். 1992 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். பக்ஃபாஸ்ட் தேனீ என்ற அந்த இனத்தை இன்றைக்கும் பல நாடுகளில் வளர்க்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.